ஒரு எட்டு போய்விட்டு வருகிறேன்

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்றொரு கிராமம். ஸோஹோ நிறுவனம் 2011-இல் அங்கே அலுவலகம் திறந்தபோது, கம்ப்யூட்டர் வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும் என்பதுதான் இந்தப் பக்கத்துக் கணக்கு. இன்றைக்குக் குற்றாலத்துச் சாரல் எட்டுகிற தூரத்திலேயே சாப்ட்வேர் எழுதுகிறார்கள். ஆனாலும் பெற்றவர்களுக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. "காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. புதிதாக எழுதுவது அந்த வேலையில் ஒரு பங்குதான். எழுதியது ஏன் சொன்னபடி நடக்கவில்லை என்று தேடுவது இன்னொரு பெரிய பங்கு. அப்படித் தேட உதவும் கருவிக்கு டீபக்கர் என்று பெயர். ஓடுகிற புரோகிராமை அது நினைத்த இடத்தில் நிறுத்தும். உள்ளே எந்த மதிப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். பிறகு ஒவ்வொரு எட்டாக நடத்திக் காட்டும். லினக்ஸ் உலகத்தில் பலர் கையில் இருப்பது ஜிடிபி என்ற டீபக்கர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் எழுதியது. இன்றைக்கும் பலர் சேர்ந்து வளர்த்து வருவது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் டீபக்கரும் ஒரு புரோகிராம்தானே, அதிலும் பிழை இருக்குமே? இருக்கும். அதைச் சோதிப்பதற்கென்றே தனியாகப் புரோகிராம்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தச் சோதனைகளில் ஒரு மூலையை மட்டும் இன்று பார்ப்போம்: பல த்ரெட்கள் ஓடும் ஒரு புரோகிராமில், சிஸ்டம் கால் ஒன்றை டீபக்கர் ஒழுங்காகத் தாண்டுகிறதா? பெயர்கள் புதிதாக இருக்கலாம். அவசரமில்லை, டீயைக் குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வருவோம்.

உட்கார்ந்திருக்கிற டீக்கடையையே எடுத்துக்கொள்வோம். பெஞ்சில் ஒரே ஒரு தினத்தந்தி. நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒருவர் விரல் முதல் பத்தியில் இருக்கும், இன்னொருவர் விரல் கடைசிப் பத்தியில். இந்தப் பேப்பரில் செய்திக்குப் பதிலாகக் கட்டளைகள் அச்சாகியிருக்கின்றன, படிக்கிறவர் ஒவ்வொரு கட்டளையாகப் படித்து அதன்படி செய்கிறார் என்று வைத்துக்கொண்டால், அதுதான் பல த்ரெட் உள்ள புரோகிராம். படிக்கிற ஆள் ஒவ்வொருவரும் ஒரு த்ரெட். விரல் அவரவருக்குத் தனி. பேப்பர் எல்லோருக்கும் பொது. ஒருவர் பேனாவால் ஒரு சொல்லை அடித்தால், மற்ற மூவருக்கும் அது அடிபட்ட சொல்தான்.

இப்போது டீபக்கர் எப்படி நிறுத்துகிறது என்று பார்ப்போம். அது புரோகிராமை வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. பேப்பரிலேயே கை வைக்கிறது. நிறுத்த வேண்டிய இடத்தில் இருக்கும் கட்டளையின் முதல் பைட்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை எழுதுகிறது. நம் மேசைக் கணினிகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் அந்த ஒரு பைட்டின் மதிப்பு 204. பேப்பரில் ஒரு சொல்லின் மேல் 'இங்கே நில்' என்று சீட்டு ஒட்டுவதுதான் அது. அந்த இடத்துக்கு எந்தத் த்ரெட் வந்தாலும் நிற்கும், டீபக்கருக்குத் தகவல் போகும். இதை ப்ரேக்பாயிண்ட் என்கிறார்கள்.

நிறுத்துவது எளிது, நிறுத்திய ஆளை மேலே அனுப்புவதில்தான் சிக்கல். அவர் இப்போது படிக்க வேண்டியது சீட்டுக்கு அடியில் இருக்கும் சொல்லை. சீட்டைக் கிழித்தால் அவர் படித்துவிடுவார். ஆனால் பேப்பர் பொது. சீட்டு இல்லாத அந்தக் கண நேரத்தில் இன்னொருவர் விரல் அங்கே வந்தால், அவர் நிற்காமலே கடந்துபோய்விடுவார். நாம் பிடிக்க நினைத்தது அவரையாகக்கூட இருக்கலாம். அதனால் முதல் வழி இப்படி: மற்ற எல்லாரையும் நிறுத்து, சீட்டை எடு, இவரை மட்டும் ஒரே ஒரு எட்டு போக விடு, சீட்டைத் திரும்ப ஒட்டு, பிறகு எல்லாரையும் போகச் சொல்.

இரண்டாவது வழியில் சீட்டைத் தொடவே வேண்டாம். அடியில் இருக்கும் சொல்லைப் பேப்பரின் வேறொரு மூலையில், யாரும் படிக்காத வெற்றிடத்தில் எழுதிக்கொள். அவர் விரலைத் தூக்கி அங்கே வை. படித்து முடித்ததும் விரலை எடுத்துப் பழைய இடத்தில், சீட்டுக்கு அடுத்த சொல்லில் வைத்துவிடு. மற்றவர்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். லினக்ஸில் ஜிடிபி இதற்குத் தேர்ந்தெடுக்கும் மூலை, புரோகிராமின் ஆரம்ப வாசல். புரோகிராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறை அந்த இடத்தைக் கடந்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை.

இனி சிஸ்டம் கால். கடையில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம், ஆனால் பாய்லர் பக்கம் போகக் கூடாது. டீ வேண்டுமென்றால் மாஸ்டரிடம் கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் அந்த மாஸ்டர் கெர்னல். டிஸ்கிலிருந்து படிப்பது, நெட்வொர்க்கில் அனுப்புவது, புதிதாக ஒரு த்ரெட்டை உண்டாக்குவது எதையும் புரோகிராம் தானாகச் செய்ய முடியாது. கேட்க வேண்டும். கேட்பதற்கு எண்கள் உண்டு. 64-பிட் இன்டெல் வகை லினக்ஸில் படிக்க 0, எழுத 1, முடித்துக்கொள்ள 60. எண்ணை ஓர் இடத்தில் வைத்துவிட்டு, இரண்டே பைட் நீளமுள்ள ஒரு கட்டளையைப் புரோகிராம் இயக்கும். அந்தக் கணத்தில் ப்ராசஸர் கெர்னலின் கைக்குப் போய்விடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்னொரு புரோகிராமை நிறுத்தவும் நடத்தவும் டீபக்கருக்கே அதிகாரம் கிடையாது. அதுவும் ப்டிரேஸ் என்ற 101-ஆம் எண் சிஸ்டம் காலைச் சொல்லி, அதே மாஸ்டரிடம்தான் கேட்கிறது.

எல்லோரும் தவறாக நினைக்கும் ஓர் இடம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாக நிற்போம். திரையில் பார்த்தால் சிஸ்டம் கால் ஒரே ஒரு வரி. கூட்டல் ஒரு வரி, கழித்தல் ஒரு வரி, இதுவும் ஒரு வரி. ஆகவே 'ஒரு எட்டு வை' என்று டீபக்கரிடம் சொன்னால், வரியின் இந்தப் பக்கம் நின்ற ஆள் மறு கணமே அந்தப் பக்கம் நிற்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். கூட்டலுக்கு அது சரி. கூட்டல் படிக்கிறவர் கையிலேயே முடிந்துவிடுகிறது. சிஸ்டம் காலில் அவர் பெஞ்சை விட்டே எழுந்துபோகிறார். "ஒரு எட்டு போய்விட்டு வருகிறேன்" என்கிறார். அதன் பிறகு நடப்பது டீபக்கர் கையில் இல்லை. கெர்னலுக்குள் ஆயிரக்கணக்கான கட்டளைகள் ஓடலாம். அவற்றில் ஒன்றைக்கூட இந்த டீபக்கர் எட்டு வைத்துப் பார்க்க முடியாது. ஒரு எட்டு என்று சொல்லிப் போனவர் எப்போது வருவார், எத்தனை பேராக வருவார், வருவாரா என்பதே மூன்று தனிக் கேள்விகள்.

முதல் கேள்வி, எப்போது. ஒரு த்ரெட் ஒரு பூட்டுக்காகக் காத்திருக்க நினைத்தால் ஃபியூடெக்ஸ் என்ற சிஸ்டம் காலைச் சொல்லும். அதன் பொருள், 'இன்னொருவர் பூட்டைத் திறக்கும்வரை என்னை எழுப்பாதே.' மேலே சொன்ன முதல் வழியை நினைத்துப் பாருங்கள். மற்ற எல்லாரையும் நிறுத்திவைத்துவிட்டு, இவர் திரும்பி வரட்டும் என்று டீபக்கர் காத்திருக்கிறது. இவரோ, நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் ஒருவர் பூட்டைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார். அவர் எப்படித் திறப்பார்? அவரை நிறுத்தியதே டீபக்கர்தானே. புரோகிராமில் ஒரு பிழையும் இல்லாமல் எல்லாம் உறைந்துபோகிறது. டீபக்கர் இல்லாமல் ஓட்டினால் அதே புரோகிராம் நன்றாக ஓடும்.

இரண்டாவது வழியில் இந்தச் சிக்கல் குறையும், மற்றவர்கள் ஓடிக்கொண்டிருப்பதால். ஆனால் முழுக்கத் தீராது. வெற்று மூலை ஒன்றே ஒன்றுதான் என்றால், காத்திருப்பவர் அதைப் பிடித்துவைத்துக்கொண்டே மாஸ்டரிடம் போயிருப்பார். பூட்டைத் திறக்க வேண்டியவரும் ஒரு சீட்டைத் தாண்ட அதே மூலையைக் கேட்டால், திரும்பவும் ஒருவருக்காக ஒருவர். ஆகவே வெற்று மூலைகள் எத்தனை வைத்துக்கொள்வது என்பதும் டீபக்கர் எழுதுகிறவர்களின் கவலை.

இரண்டாவது கேள்வி, எத்தனை பேர். ஃபோர்க், எண் 57. கிளோன், எண் 56. முதலாவது புரோகிராமைப் போலவே இன்னொரு பிரதியை உண்டாக்கும். இரண்டாவது, கேட்கிற விதத்தைப் பொறுத்து, அதே பேப்பரைப் படிக்கப் புதிதாக ஓர் ஆளை, அதாவது புதிய த்ரெட்டை, உட்காரவைக்கும். எழுந்துபோனது ஒருவர், திரும்பி வருவது இரண்டு பேர். பழையவருக்கு விடையாகப் புதியவரின் அடையாள எண் கிடைக்கும். புதியவருக்குக் கிடைப்பது 0. அதை வைத்துத்தான் 'நான் பழையவனா புதியவனா' என்று புரோகிராம் தெரிந்துகொள்கிறது.

இதை வெற்று மூலையில் வைத்து நடத்தினால் என்ன ஆகும்? பழையவரின் விரல் மூலையில் இருந்தபோது புதியவர் பிறந்தார். ஆகவே புதியவரின் விரலும் அந்த மூலையிலேயே பிறக்கிறது. டீபக்கர் பழையவரின் விரலை மட்டும் எடுத்துச் சரியான இடத்தில் வைத்துவிட்டுப் போனால், புதியவர் மூலையில் அடுத்து என்ன கிடக்கிறதோ அதைப் படிக்கத் தொடங்குவார். அது அவருக்காக எழுதப்பட்டதே அல்ல. புரோகிராம் விழும்; விழுந்த காரணம் புரோகிராமில் தேடினால் கிடைக்காது. ஃபோர்க்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. பேப்பரே பிரதி எடுக்கப்படுவதால், மூலையில் எழுதிய தற்காலிகச் சொல்லும் பிரதியில் சேர்ந்து போயிருக்கும். அதையும் அழித்துப் பழையபடி வைக்க வேண்டும். விரலும் இரண்டு, துடைக்க வேண்டிய மூலையும் இரண்டு.

மூன்றாவது கேள்வி, வருவாரா. எண் 60 முடித்துக்கொள்ளும் கால். அதைச் சொன்ன த்ரெட் திரும்பி வராது; டீயும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம் என்று கடையை விட்டே போய்விடும். எட்டு முடிந்தது என்ற தகவலுக்காக மட்டும் காத்திருக்கும் டீபக்கர் காத்துக்கொண்டே இருக்கும். நிறுத்திவைத்தவர்கள் நின்றபடியே, பிடித்துவைத்த மூலை பிடித்தபடியே. நல்ல டீபக்கர் ஆளை அனுப்பும்போதே கெர்னலிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கும்: இவர் போவதாக இருந்தால் எனக்குச் சொல், புதிதாக யாரையாவது உண்டாக்கினாலும் சொல். ப்டிரேஸில் இதற்கென்றே வசதிகள் இருக்கின்றன.

இந்த மூன்றையும் எப்படிச் சோதிப்பது? பெரிய புரோகிராமை எடுத்துக்கொள்வதில்லை. ஃபோர்க் ஒன்றைச் செய்துவிட்டு முடியும் சின்னப் புரோகிராம் ஒன்று, கிளோனுக்கு ஒன்று, ஃபோர்க்கின் தம்பியான விஃபோர்க்குக்கு ஒன்று. இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தவறு நேர்ந்தால் அது டீபக்கரில்தான் இருக்க முடியும், புரோகிராமில் ஒளிந்துகொள்ள இடமே இருக்கக் கூடாது.

முதலில் அந்தச் சின்னப் புரோகிராமை ஓட்டி, சிஸ்டம் கால் கட்டளை நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது, அதற்கு அடுத்த கட்டளை எந்த முகவரியில் இருக்கிறது என்று சோதனை கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளும். முகவரியை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. எந்தச் சிஸ்டம் காலைச் சொல்வது என்பதே மாறிக்கொண்டிருக்கிறது. லினக்ஸின் அடிப்படை நூலகம் புதிய த்ரெட் உண்டாக்க நெடுங்காலம் 56-ஆம் எண்ணைச் சொல்லிவந்தது; 2021-க்குப் பிறகு வந்த பதிப்புகள் முதலில் 435-ஆம் எண்ணைக் கேட்டுப்பார்க்கின்றன. செல்போன்களில் இருக்கும் 64-பிட் ஆர்ம் ப்ராசஸருக்கு வந்தால் ஃபோர்க் என்ற கால் லினக்ஸில் தனியாக இல்லவே இல்லை, எல்லாம் கிளோன்தான். கட்டளைகளின் நீளமும் வேறு. அதனால் அந்தந்த இடத்தில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் ஒரே வழி.

பிறகு சரியாக அந்தக் கட்டளையின் மேலேயே சீட்டை ஒட்டி, புரோகிராமை ஓடவிட்டு, நின்றதும் 'ஒரு எட்டு' என்று சொல்கிறது. முடிந்ததும் கேட்பது ஒன்றே: விரல் எங்கே? குறித்துவைத்த அடுத்த முகவரியில் இருந்தால் தேர்ச்சி. மூலையிலேயே தங்கிவிட்டால், அல்லது ஒரு கட்டளை கூடுதலாகத் தாண்டிப் போய்விட்டால், தோல்வி. இதையே எல்லாரையும் நிறுத்தும் முதல் வழியில் ஒரு முறை, மூலையில் எழுதும் இரண்டாவது வழியில் ஒரு முறை செய்து பார்க்கிறார்கள். ஒரு வழியில் சரியாக வருவது இன்னொரு வழியில் சறுக்குவது சகஜம்.

அடுத்த சோதனை இன்னும் சாமர்த்தியமானது. சீட்டில் 'இன்ன நிபந்தனை இருந்தால் மட்டும் நில்' என்றும் எழுதலாம். எந்தக் காலத்திலும் நடக்காத ஒரு நிபந்தனையை வேண்டுமென்றே எழுதுகிறார்கள். அப்போது டீபக்கர் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் நிறுத்தி, பார்த்து, 'நிற்க வேண்டாம்' என்று தானாகவே அனுப்பிவைக்க வேண்டும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே சீட்டைத் தாண்டும் வேலை முழுவதும் நடக்கும். கடைசியில் புரோகிராம் ஒழுங்காக முடிந்தால், பழையவரையும் புதியவரையும் சரியான இடத்தில் இறக்கிவிட்டதாகப் பொருள்.

இத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து தட்டச்சு செய்வதில்லை. ஜிடிபியின் சோதனைகள் டேஜாக்னு என்ற கருவியில் ஓடுகின்றன. அது மனிதர் தட்டுவதைப் போலக் கட்டளையைத் தட்டி, பதில் வரும்வரை காத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு வரம்பு உண்டு. பொதுவாக 10 விநாடி. நம் மூன்று கேள்விகளில் முதலும் கடைசியும் தவறாகப் போனால் வெளியே தெரிவது ஒன்றேதான், பதிலே வராத மௌனம். காலவரம்பு இல்லாவிட்டால் சோதிக்கிற கருவியும் அந்தக் காத்திருப்பில் மாட்டிக்கொள்ளும்.

த்ரெட் சோதனையில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. யார் முந்துவார் என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். நேற்றுத் தேறியது இன்று விழலாம். ஒரு தடவை தேறியதை வைத்து முடிவு கட்ட முடியாது. பல த்ரெட்களை ஒரே சீட்டில் மோதவிட்டு, திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். இன்னும் சரிசெய்யாத பிழை என்று தெரிந்தால் அந்த முடிவை மறைக்காமல், 'தெரிந்த தோல்வி' என்று தனி வகையாகவே குறித்துவைக்கிறார்கள். புதிதாக விழுந்தது எது, பழைய கணக்கு எது என்று அடுத்தவர் குழம்பக் கூடாதல்லவா?

மத்தளம்பாறையிலோ திருநெல்வேலியிலோ சர்வர் புரோகிராம் எழுதும் பிள்ளைக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். அவர் டீபக்கர் எழுதப்போவதில்லை. ஆனால் டீபக்கரில் ஓட்டும்போது மட்டும் புரோகிராம் உறைந்து, வெளியே ஓட்டும்போது நன்றாக ஓடுகிறது என்ற அனுபவம் அவருக்கு ஒரு நாள் வரும். அப்போது தன் எழுத்தைக் குறை சொல்லி இரவெல்லாம் தேடுவதற்கு முன்னால், சீட்டு எந்த வரியில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். அந்த வரிக்குள்ளோ அதற்கு மிக அருகிலோ ஒரு சிஸ்டம் கால் இருந்தால், சீட்டை நாலு வரி தள்ளி ஒட்டிவிட்டுத் திரும்ப ஓட்டலாம். சிஸ்டம் காலையேதான் பிடிக்க வேண்டுமென்றால் ஜிடிபியில் அதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறது. அது பேப்பரில் சீட்டு ஒட்டாது. எந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் சொல் என்று கெர்னலிடமே சொல்லிவைத்துவிட்டு, நாம் கேட்ட எண் வரும்போது மட்டும் நம்மிடம் நிறுத்திக் காட்டும். ஒட்டாத சீட்டைத் தாண்டும் வேலையும் இல்லை.